இரட்டு என்று அம்மா சொல்வது

மார்ச் 4, செவ்வாய்

மன்னிக்கணும். இந்த நோட்டு, அகராதி ஆபீசில் சொற்களைக் குறித்துக்கொள்ளக் கொடுத்தது. இதில் என் கதையை எழுதுகிறேன். வேறெங்கே எழுதுவது?

இன்று எனக்கு வந்த சொல்: இரட்டு. பழைய அகராதிகளில் 'முரட்டுத் துணி'. துக்கத்தில் உடுத்துவது என்றும் ஒரு பொருள். ஓரத்தில் ஆசிரியர் பென்சிலால், 'இன்று வழக்கில் இல்லை?' என்று எழுதியிருக்கிறார்.

இல்லையா? காலையில் மெத்தைப் பட்டறைக்குக் கிளம்பும்போதுகூட அம்மா சொன்னாளே: "இன்னைக்கும் இரட்டு வரலைன்னா சும்மாதான் உக்காந்திருக்கணும்."

மார்ச் 5

அம்மாவிடம் கேட்டேன். பூப்போட்ட மேலுறைக்கு அடியில், பஞ்சு பிதுங்காமல் பிடித்துவைக்கும் துணியாம். "எங்க மேஸ்திரியக்கூட இரட்டுன்னுதான் சொல்லுவோம். உரசினா எரியும், ஆனா கிழியாது."

இந்தப் பொருள் எந்த அகராதியிலும் இல்லை!

மார்ச் 6

பேச்சுவழக்கு என்றால், சொன்னவரின் தொழிலையும் அவர் நமக்கு என்ன உறவு என்பதையும் அந்தச் சொல்லுக்கான அட்டையில் எழுத வேண்டும். தொழில்: மெத்தை தைப்பவர். உறவு — பேனா நின்றுவிட்டது. பக்கத்து மேஜை கமா அக்கா (யார் எதை எழுதினாலும் ஒரு கமா சேர்ப்பார்) எட்டிப் பார்த்தார். 'அறிமுகமானவர்' என்று எழுதிவிட்டேன்.

ஏன்? அக்காவின் அப்பா பேராசிரியர். அதனாலா?

மார்ச் 10

ஆசிரியர் கூப்பிட்டார். "நல்லா இருக்கும்மா. ஆனா அச்சுல ஆதாரம் இல்லையே. சொன்னவங்க வெள்ளிக்கிழமைக்குள்ள வரட்டும். அட்டையை வாசிச்சுக் காட்டி கையெழுத்து வாங்கணும். இல்லேன்னா 'வழக்கில் இல்லை'ன்னே போட்டுருவோம்."

"கூட்டிட்டு வா, டீ வாங்கித் தரேன்," என்றார் கமா அக்கா.

அம்மாவை எதிரே உட்காரவைத்து 'அறிமுகமானவர்' என்று வாசிப்பார்கள். திருத்தினால் என் பொய் தெரிந்துவிடும். பட்டறையிலிருந்து வேறு யாரையாவது அழைத்துப் போகலாமா? சீ, என்ன புத்தி இது.

மார்ச் 11

ஒன்றும் புரியவில்லை.

மார்ச் 12

பையிலிருந்து அட்டை விழுந்திருக்கிறது. நான் வந்தபோது அம்மா எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அறி...முக...மானவர். அப்படின்னா யாருடி?"

"தெரிஞ்சவங்க."

"சரிதான். இருபத்திமூணு வருசமாத் தெரிஞ்சவதானே."

சிரித்தாள். சிரிப்பா அது? பாத்திரம் கழுவப் போய்விட்டாள். ஏற்கெனவே கழுவிய பாத்திரம். நாலு திட்டு திட்டியிருக்கலாம். ஐயோ, என்ன பண்ணி வெச்சிருக்கேன் நான்...

மார்ச் 13

ஆசிரியரிடம் போனேன். அட்டையை நீட்டினேன். பழையதை அடித்துவிட்டு 'அம்மா' என்று எழுதியிருந்தேன். பார்த்தார். "அடித்தல் திருத்தல் கூடாதும்மா. புது அட்டையில எழுது." அவ்வளவுதான். கமா அக்கா வாங்கிப் படித்தார். எதுவும் சேர்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து புது அட்டையை அம்மா முன்னால் வைத்தேன். ஊசி குத்திக் காய்த்த விரல் ஒவ்வொரு வரியாக இறங்கி, உறவு என்ற இடத்தில் நின்றது. எடுக்கவே இல்லை.

கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது? ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"அம்மா, நாளைக்குப் பட்டறைக்கு லீவு சொல்லிட்டு, என்கூட ஆபீசுக்கு வர்றியா?"