வியாழக்கிழமைகளின் இத்தாலி

அன்புள்ள என் வாலுப்பெண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். தினமும்தான் போனில் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் நீ ஒன்பது கேள்வி கேட்பாய். சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். தாள் குறுக்கே பேசாது.

முதலில் வீட்டுச் செய்தி. சமையலறைக் குழாய் ஒழுகுவது ஒருவழியாக நின்றது. மாடி வீட்டு டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டாள். உன் மாமாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. வாய் மட்டும் குறையவில்லை.

பல்கலைக்கழகத்தில் வியாழக்கிழமை மாலைகளில் இத்தாலியின் பண்பாடு, வரலாறு பற்றிப் பேச்சு நடக்கிறது, வெளியாட்களும் வரலாம், நானும் போகிறேன் என்று சொன்னேனே, அப்போது நீ சிரித்தாய். மாமா, "இத்தாலியாவது கத்தரிக்காயாவது! ரிட்டயர் ஆனா வீட்ல கால நீட்டி உக்காரு" என்றார். உண்மையைச் சொன்னால், முதல் நாள் நான் ஏசிக்காகத்தான் போனேன். பிறகுதான் பைத்தியம் பிடித்தது.

பேசுகிறவள் உன் வயதுப் பெண். அந்த நாட்டிலேயே படித்தவள். கையைக் கட்டிப்போட்டால் அங்கே யாருக்கும் பேச்சே வராது என்று சொல்லிவிட்டு, தானும் கையை ஆட்டி ஆட்டித்தான் பேசுவாள். வெனிஸ் நகரம் சேற்றில் அடித்து இறக்கிய மரக்கம்பங்களின் மேல் நிற்கிறதாம். தக்காளி அவர்கள் மண்ணில் பிறந்ததே இல்லையாம். கடல் தாண்டி வந்ததை வெகுகாலம் சந்தேகத்தோடு பார்த்துவிட்டு, பிறகுதான் அடுப்படிக்குள் விட்டார்களாம். கேட்கக் கேட்க எனக்குத் திறந்த வாய் மூடவில்லை.

ஒரே தொல்லை, பக்கத்து இருக்கைக்காரர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'கேள்வி சார்'. கேள்வி என்று எழுந்துவிட்டுத் தனியாக ஒரு பிரசங்கமே செய்வார். எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெய் நகரத்தைப் பற்றிப் பேசிய அன்று, அந்த மக்களுக்குப் பற்கள் நன்றாகவே இருந்தன என்று அவள் சொன்னதுதான் தாமதம், மனிதர் துள்ளி எழுந்துவிட்டார். பற்களைப் பற்றிப் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். பொறுக்க முடியாமல் சட்டையைப் பிடித்து இழுத்து, "உக்காருங்க சார், மத்தவங்களும் வீட்டுக்குப் போக வேண்டாமா?" என்றேன்.

வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்டார். பேச்சோடு பேச்சாக யார் என்று தெரிந்தது. சின்ன வயதில் நீ விரலைக் கடித்து ரத்தம் வரவழைத்தாயே, அந்தப் பல் டாக்டர்! அன்றைக்கு முகமூடி போட்டிருந்தார், தலையில் முடியும் இருந்தது. எனக்கு எப்படி அடையாளம் தெரியும்? விரலை நீட்டி, "உங்க பொண்ணு போட்ட கையெழுத்து இன்னும் அழியல" என்று சிரித்தார்.

அதன்பின் பேச்சு முடிந்ததும் கேன்டீனில் ஒரு தேநீர், ஒரு சண்டை என்று வழக்கமாகிவிட்டது. அவர் ரோமானியப் படைகளின் பக்கம். நான் வெனிஸ் வியாபாரிகளின் பக்கம். அவர் மனைவி போய்ப் பல வருடம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. அவளைப் பற்றி அவர் சொல்வார், உன் அப்பாவைப் பற்றி நான் சொல்வேன். உன் அப்பாவைப் பற்றி நான் ஆரம்பித்தால் பேச்சை மாற்றாத ஒரே ஆள் அவர்தான்.

ஒரு வியாழன் அவர் வரவில்லை. அடுத்த வியாழனும் இல்லை. என் கைப்பையை அந்த இருக்கையில் வைத்துக்கொண்டு, கேட்டவர்களிடமெல்லாம் "ஆள் வராங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அடியில் முட்டுக்கொடுக்கும் மரச்சட்டம் இல்லாமலே புளோரன்சில் அவ்வளவு பெரிய குவிமாடத்தை எப்படி எழுப்பினார்கள் என்று அந்தப் பெண் விளக்கினாள். பாதிதான் காதில் விழுந்தது. கேள்வி கேட்க ஆளில்லாமல் அவளும் சீக்கிரமே முடித்துவிட்டாள்.

அவருடைய பழைய கிளினிக்கில் விசாரித்தேன். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்றார்கள். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரி. பாதி ஆயுள் நடந்த வராந்தா. அன்றைக்கு இதய வார்டு எந்தப் பக்கம் என்றே தெரியாமல் நின்றுவிட்டேன், பெண்ணே. வாசலில் புது நர்ஸ் ஒருத்தி, "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். என்னவென்று சொல்வது? "பக்கத்து சீட்டு" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே உள்ளே விட்டாள்.

பயப்படாதே. அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்து இப்போது நன்றாக நடக்கிறார். தினமும் போய், அவர் தவறவிட்ட பேச்சுகளை நான் சொன்னேன். குவிமாடம் விஷயத்தில் நான் சொன்னது அத்தனையும் தப்பு என்று சண்டை போட்டார். அப்போதே தெரிந்துவிட்டது, மனிதர் பிழைத்துக்கொண்டார் என்று.

வீட்டுக்கு அனுப்பிய அன்று, கட்டிலில் உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "நர்ஸ் எல்லாத்தையும் சொன்னாங்க. இனிமே யாராவது கேட்டா பக்கத்து சீட்டுன்னு சொல்லாதீங்க. கல்யாணம் பண்ணிக்கிட்டு, வேற ஏதாவது சொல்லுங்களேன்."

மகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று நான் சொல்லியிருக்கலாம். அதுதான் முறை. ஆனால் வாயில் வந்தது "சரி" என்பதுதான். வந்ததை விழுங்கவும் மனமில்லை.

மாமாவிடம் சொன்னேன். காபித் தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "அந்தாளு உப்பு குறைச்சு சாப்பிடணுமா? கேட்டு வை, ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிடலாம்" என்றார்.

அப்பாவின் படம் கூடத்தில் அதே இடத்தில்தான் இருக்கிறது. அதை யாரும் நகர்த்தப் போவதில்லை. நகர்த்த வேண்டும் என்று டாக்டர் நினைக்கவும் இல்லை.

அடுத்த மாதக் கடைசியில் பதிவு அலுவலகத்தில் எளிமையாக முடித்துக்கொள்ளப் போகிறோம். நீ வர வேண்டும். சந்தோஷமாக வந்தால் சந்தோஷம். கோபம் இருந்தால் கோபத்தோடேயே வா. எதிரில் நின்று எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். வராமல் மட்டும் இருந்துவிடாதே, கண்ணே.

என்றும் உன் நலம் ஒன்றையே நினைக்கும்,
அம்மா