போன் செய்தால் ஓர் ஆள் எடுப்பார்

அன்புள்ள ஒட்டடைக்குச்சிக்கு,

உன் ஊமைக்கோட்டான் எழுதுகிறேன். இந்தக் காலத்தில் தபால்தலை ஒட்டி யார் கடிதம் போடுகிறார்கள் என்று சிரிக்காதே. போன வாரம் உன் அலுவலக முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது. என் கோரிக்கைக்கு ஓர் எண் கொடுத்திருப்பதாகவும், மூன்று வேலை நாட்களில் தொடர்புகொள்வார்கள் என்றும் போட்டிருந்தது. நான் அதில் கேட்டிருந்தது, சாப்பிட்டியா, எப்படி இருக்கே என்பதுதான். அதனால் உன் அம்மாவிடம் வீட்டு விலாசம் வாங்கி இதை எழுதுகிறேன்.

அம்மா சுகம். முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தாலே முறுக்கிக்கொள்கிறதாம். துணி உலர்த்தக் கீழ் வீட்டுப் பெண் மேலே போய் வருகிறாள். வாராவாரம் நீ போனில் முகம் காட்டுவதைச் சொன்னார். “முகம் இங்கதான் இருக்கு, கண்ணு மட்டும் வேற எங்கேயோ ஓடிக்கிட்டிருக்கு” என்றார். குறையாகச் சொல்லவில்லை. பக்கத்தில் இன்னொரு திரையில் வேலை பார்ப்பாய் போலிருக்கிறது என்று நான் சமாளித்தேன். அப்படித்தானே?

நம் அலுவலகம் அதே மருந்துக்கடை மாடியில்தான். நீ இருக்கும்போது பதினோரு பேர், இப்போது ஒன்பது பேர். உன் நாற்காலியின் ஆடும் காலுக்கு நீ மடித்து வைத்த அட்டையை இன்னும் யாரும் எடுக்கவில்லை. மேடம் தலைக்குச் சாயம் பூசுவதை விட்டுவிட்டார். கணக்கில் எதையும் மறைக்காதே என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுத் தலையில் மறைத்தால் எப்படி என்று அவரே கேட்டுக்கொண்டார். இந்த ஆடிட் அலுவலகத்தைத் தனி ஆளாகத் தொடங்கியவர் அல்லவா, கேலியையும் தானே செய்துகொள்கிறார்.

வரவேற்பறைச் சுவரில், நாம் உறுப்பினராக இருக்கும் சர்வதேச ஆடிட் கூட்டமைப்பின் மாநாட்டுப் படங்கள் ஒவ்வொரு வருடமும் கூடுகின்றன. முதல் படத்தில் இருபது பேர்கூட இல்லை. எந்தெந்த நாட்டிலிருந்தோ வந்த, நம்மைப் போலச் சின்ன அலுவலகம் நடத்துகிறவர்கள். முன்வரிசையில் மேடம், கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு. இவர் ஓயாமல் தும்முவார், இவருக்கு இரட்டைப் பெண்கள் என்று ஒவ்வொரு முகத்திலும் விரல் வைத்துச் சொல்வாரே, ஞாபகமிருக்கிறதா? போன வருடத்துப் படத்தை வானத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். தரையில் எள்ளைக் கொட்டியது போல இருக்கிறது. மேடம் பூதக்கண்ணாடி வைத்துத் தன்னைத் தேடினார். கடைசியில், “போயிட்டு வந்தது மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கு” என்று சொல்லிக் கண்ணாடியை உள்ளே வைத்துவிட்டார்.

நூறு நாடுகளைத் தாண்டிவிட்டோம் என்று கூட்டமைப்பின் தலைமை அலுவலகத்திலிருந்து நீ அனுப்பிய சுற்றறிக்கை கிடைத்தது. ‘மதிப்பிற்குரிய உறுப்பினருக்கு’ என்று தொடங்கி, கீழே உன் கையெழுத்து. அந்தக் கொக்கி போட்ட கடைசி எழுத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, நிஜமாக.

ஆனால் எனக்கு அந்தத் தையல்கடை அம்மா நினைவும் வந்தது. கணவர் தொலைதூர நாட்டில் கடை வைத்திருந்து திடீரென்று இறந்துபோனாரே, அவர். அந்த ஊர் மொழியும் தெரியாது, சட்டமும் தெரியாது. மேடம் அங்குள்ள உறுப்பினருக்கு ஒரு போன் போட்டார். முன்பின் பார்த்திராத அந்த மனிதர் தன் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு, வரி அலுவலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து, எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்தார். யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல் அந்த அம்மா நம் இருவருக்கும் ஆளுக்கொரு சட்டை தைத்துக் கொடுத்தார். உன் கை நீளத்துக்கு அது முழங்கையிலேயே நின்றுவிட்டது. இப்போது அப்படி ஒருவர் வந்தால் இணையத்தில் விண்ணப்பம் போடுகிறோம். ஓர் எண் வருகிறது.

என் அப்பாவுக்கு இன்றுவரை என் வேலை பிடிபடவில்லை. லாரி ஓட்டுகிறவருக்குத் தெரிந்ததெல்லாம் ஓட்டுநர் சங்கம்தான். உங்களுடையதும் சங்கம்தானே, நடுவழியில் வண்டி நின்றால் வந்து தள்ளுவார்கள்தானே என்று கேட்பார். தள்ளுவார்கள் என்று எப்போதும் சொல்லிவந்தேன்.

நாம் சேர்ந்து போன அந்த ஒரே மாநாட்டை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு அலுவலகத்திலிருந்தும் இளையவர் ஒருவர் மேடையேறி ஒரு நிமிடம் பேச வேண்டும். மேடம் என்னைத்தான் பேசச் சொன்னார். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள், இரண்டு வாரம் கண்ணாடி முன்னால் நின்று பழகியவள், பெயரைக் கூப்பிட்டதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள நின்றேன். நீ என் கையிலிருந்த சீட்டை உருவிக்கொண்டு மேடைக்குப் போய், நான் எழுதியிருந்ததைப் படித்துவிட்டாய். “எங்க ஆபீஸ்ல மொத்தமே பதினோரு பேர்தான். ஆனா போன் பண்ணா ஒரு ஆள் எடுப்பாங்க.” சபையே எழுந்து நின்று தட்டியது. அந்தக் கைதட்டல்தான் உன்னைத் தலைமை அலுவலகத்துக்கு அழைத்துக்கொண்டு போனது. அந்த வாக்கியம் கூட்டமைப்பின் கையேட்டிலும் துணிப்பையிலும் அச்சானது. அதைப் பார்த்துத்தான் பாதிப் பேர் சேர்ந்தார்கள் என்றுகூட நீ ஒருமுறை எழுதினாய்.

எனக்குப் பொறாமை இல்லையடி. என் வாயிலிருந்து வந்திருந்தால் அது யார் காதிலும் விழுந்திருக்காது. ஆனால் அன்றைக்கு நான் எப்படியாவது உளறியாவது வைத்திருந்தால், நீ இன்னும் எதிர் மேசையில் உட்கார்ந்து என் பேனாவை எடுத்துக் கடித்துக்கொண்டிருப்பாய். வருத்தம் அது ஒன்றுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை போர்டு எழுதுகிறவர் மாடியேறி வந்தார், நம் பெயர்ப்பலகையைச் செய்தவர்தான். நம் பலகையிலுள்ள கூட்டமைப்புச் சின்னத்தின் நீலம் எந்த நீலம் என்று விசாரித்தார். எதற்கென்று கேட்டேன். “எதிர்ல ஆறு மாடி ஆபீஸ்காரங்க கேட்டிருக்காங்கம்மா. அதே நீலம், அதே உலக உருண்டை, அதே கூட்டமைப்பு பேரு. உங்க ஆளுங்கதானே?” என்றார். நம் பலகை வெயிலில் வெளுத்துவிட்டது, அதைப் பார்த்துக் கலக்காதீர்கள் என்று சொல்லி, உள்ளே கூட்டிப்போய்க் கூட்டமைப்பின் நாட்காட்டியைக் காட்டினேன். அவர் படியிறங்கிப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஓர் ஊருக்கு ஓர் உறுப்பினர்தான் என்ற விதி அவருக்குத் தெரியாது. உனக்கும் எனக்கும் தெரியும்.

இவ்வளவு பேர் இருந்தால்தான் உறுப்பினராகலாம் என்று புதிதாக ஒரு வரம்பு வரப்போவதாகப் போன வருடமே பேச்சு இருந்தது. எதிர் அலுவலகத்தில் ஒரு மாடியிலேயே நம்மைப் போல ஐந்து மடங்கு ஆட்கள் இருப்பார்கள். வளர்ந்துவிட்ட கூட்டமைப்புக்கு அவர்கள்தான் பொருத்தம். எனக்குப் புரிகிறது. இதை நீ தனியாக முடிவு செய்திருக்க மாட்டாய் என்பதும் புரிகிறது. ஆனால் உறுப்பினர் பிரிவு உன்னிடம் இருப்பதால், நம்மை நீக்கும் செய்தி உன் கையெழுத்தோடுதான் வரும்.

மேடத்திடம் நான் சொல்லவில்லை. மாநாட்டுக்கென்று புதிதாக ஒரு சக்கரப்பெட்டி வாங்கி மேசைக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். இந்த முறை நான்தான் பேச வேண்டும், தப்பிக்க முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். நானும் எழுதி, மனப்பாடம் செய்து, தனியாக இருக்கும்போது சத்தமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். நேற்று ஜன்னலோரம் நின்று, எதிரே என்னவோ பலகைக்குச் சட்டம் அடிக்கிறார்கள் போலிருக்கிறதே என்றார். நான் கோப்பைப் புரட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து, விமான டிக்கெட்டை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம் என்றார். அவருக்குத் தெரிந்துவிட்டதா, எனக்குத் தெரியாது என்று நினைத்து அவர் மறைக்கிறாரா, ஒன்றும் புரியவில்லை.

அப்பாவிடம் மட்டும் சொன்னேன். “சங்கத்துல இருக்கிற பொண்ணு உன் சிநேகிதிதானே, அப்புறம் என்ன?” என்றார்.

நிறுத்திவிடு என்று உன்னைக் கேட்க மாட்டேன். உன்னால் முடிந்திருந்தால் நான் கேட்க வேண்டியே வந்திருக்காது. ஒன்றே ஒன்றுதான். ‘மதிப்பிற்குரிய உறுப்பினருக்கு’ என்று மேடத்துக்கு அதை அனுப்பிவிடாதே. போன் செய். வரவேற்பறை போன் இப்போது என் மேசையில்தான் இருக்கிறது. நான் எடுத்து மேடத்திடம் கொடுக்கிறேன். அவரிடம் பேசி முடித்ததும் வைத்துவிடாமல், மறுபடியும் என்னிடம் கொடுக்கச் சொல். ஒரு நிமிடம் போதும். நான் பேசுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. நன்றாக இரு.

உன்,
ஊமைக்கோட்டான்