உரம் போடாத வரிசை

சேசு மரி சூசை

பட்டினப்பாக்கம்,
பிப்ரவரி 9.

மகள் ரோஸிக்கு, மாதா புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறோம். நீ நைரோபியில் சுகமாகத்தான் இருப்பாய், கத்துவதற்குத் தெம்பு இருக்கிறதே. உன் போனை அம்மா எடுப்பதில்லை, ஏன் என்று எனக்கு மெசேஜ் போட்டிருந்தாய். போனில் சொன்னால் நடுவில் பேசுவாய், அதனால்தான் இந்தக் காகிதம், வாயை மூடிக்கொண்டு படி.

லீவுக்கு வந்தபோது உன் ஆராய்ச்சிக்கென்று மொட்டை மாடியில் இருபது பையில் பீன்ஸ் விதை ஊன்றி, ஐந்து வரிசையாக வைத்து, கலப்பு உரத்தைப் பொட்டலம் பொட்டலமாக நிறுத்து அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனாய். முதல் வரிசைக்கு மட்டும் ஒன்றும் போடக்கூடாது, அதோடு ஒப்பிட்டால்தான் எவ்வளவு உரத்துக்கு எவ்வளவு காய் என்று தெரியும் என்றாய். அவளுக்கு அது மண்டையில் ஏறவில்லை. மத்ததெல்லாம் துன்னுதுங்க, இதுங்க நாலும் இன்னா பாவம் பண்ச்சுங்க என்று கேட்டுக்கொண்டே, காலையில் சங்கரா மீன் கழுவின தண்ணீரைத் தினமும் அந்த நாலு பைக்கு ஊற்றிவிட்டாள். அதுதான் காய்த்தது, ஒன்றரைக் கிலோவுக்கு மேல். நடு வரிசை ஒரு கிலோ, அதிகமாக உரம் தின்ற கடைசி வரிசை தளதளவென்று இலை விட்டு அரைக் கிலோகூடக் காய்க்கவில்லை. அதைப் பார்த்தபோது உன் ஞாபகம்தான் வந்தது, உனக்கும் நாங்கள் அளவு தெரியாமல் போட்டுவிட்டோம்.

அம்மா பெருமையாக உனக்குப் போன் போட்டாள், பக்கத்து வீட்டு ஹாஜிரா பீயும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள். உன்ன மாதிரி படிக்காத பொம்பளைய நம்பினேன் பாரு, ஒரு வருஷம் போச்சு, சொன்ன அளவுக்கு மேல ஊத்த உன்ன யாரு கேட்டது என்று நீ கத்தினாய். ஹாஜிரா பீ அடுப்பில் பால் கீது என்று பொய் சொல்லி எழுந்து போனாள். உன் கணக்கு சரி, உன் உழைப்பு வீணானதும் நிஜம், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீ பரீட்சைக்குப் படித்த நாளெல்லாம் மீன் விற்றுக் கூடையில் மிஞ்சின ஒரே வஞ்சிரத் துண்டை எனக்குக்கூடக் காட்டாமல் உன் தட்டில் வைத்தாளே, அதை யாரடி நிறுத்துக் கொடுத்தார்கள்? அந்தக் காயை அவள் சமைக்கவில்லை, முறத்திலேயே வாடிப்போனது. உன்னை வயிறெரிந்து திட்டியிருந்தாலாவது எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நீ ஈஸ்டருக்கு வருகிறாய் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் பேனாவும் காகிதமும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அவளுக்கு எத்தினி கிராம் சோறு, எத்தினி துண்டு மீனுன்னு எழுதி அனுப்பச் சொல்லு, மேல ஒரு பருக்கை உய்ந்துச்சின்னா அதுக்கும் கத்துவா என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்கிறாள்.

தலைக்கு எண்ணெய் வை, ஞாயிற்றுக்கிழமை பூசையை விடாதே. மாதா உன்னைக் காப்பாற்றட்டும். அளவை மறக்காமல் எழுது, எழுதாத எதையும் அவள் உன் தட்டில் வைக்கமாட்டாள்.

இப்படிக்கு,
உன் நைனா
ஏசுராஜ்