பிள்ளையின் தலை எந்தப் பக்கம்

நவம்பர் 11, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துவைத்தது எதுவும் காயவில்லை. கூத்தாநல்லூரிலிருந்து திருவாரூர் ஆஸ்பத்திரி வரை வயலெல்லாம் தண்ணீர், அதில் சம்பா, அதில் வானம். பாதித் தூக்கத்தில் பார்த்தது.

ஸ்கேன். ஒன்பது மாதமாகியும் பிள்ளையின் தலை கீழே இறங்கவில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறதாம். எனக்குச் சிரிப்பு. என் மாமியாருக்கு முகம் விழுந்துவிட்டது.

டாக்டரம்மா என்னிடம், "என்ன செய்யலாம்னு நெனைக்கிறீங்க?"

மாமி முந்திக்கொண்டு, "நீங்க பாத்து எது செஞ்சாலும் சரிதாங்க."

"செய்யிறது நான்தாங்கம்மா. வயிறு அவங்களோடதாச்சே."

பிறகு எனக்கே சொன்னார். வயிற்றுக்கு வெளியிலிருந்து கையால் திருப்பிப் பார்க்கலாம். திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். அபூர்வமாகப் பிள்ளைக்குச் சிரமம் வந்தால் உடனே ஆபரேஷன். வேண்டாமென்றால் நாள் குறித்து ஆபரேஷன். உட்கார்ந்தபடியே பிறப்பதும் உண்டு, ஆனால் அதில் பழகிய கை இங்கே இல்லை. "யோசிச்சு சொல்லுங்க."

இதுவரை யாரும் என்னை யோசிக்கச் சொன்னதில்லை. கல்யாணத்துக்குக்கூட.

நவ. 12, புதன்

மழை. வாங்க: பஞ்சு, நைட்டி 2, குல்லா.

மத்தியானக் கனவு. வாய்க்காலில் மல்லாந்து மிதக்கிறேன், எனக்குள் அது மிதக்கிறது. இரண்டு பேருக்கும் அவசரமில்லை.

கத்தாரிலிருந்து இவர் போன். "அம்மா என்ன சொல்றாங்க?"

"வயித்தப் பெசைய விடாதேங்கிறாங்க."

"டாக்டர்?"

"என்னையக் கேக்குறாங்க."

"சரி, நீயே சொல்லு."

கோபமும் வந்தது, ஆசையும் வந்தது. பயம்தான் அதிகம். திருப்பிப் பார்க்கச் சொல்லப்போகிறேன்.

நவ. 14, வெள்ளி

வெயில்!

வயிறு தளர ஒரு ஊசி. பிள்ளையின் இதயத்துடிப்பு அறை முழுக்க டக்டக்கென்று. டாக்டரம்மாவின் இரண்டு கையும் என் வயிற்றில். வலித்தது. தலை கொஞ்சம் நகர்ந்தது, பிறகு பழைய இடத்துக்கே. இன்னொரு தடவை. துடிப்பு மெதுவானது. அப்படி ஆகலாம் என்று முன்பே சொல்லியிருந்தார். சரியாகிவிட்டது. என் உயிர்தான் திரும்ப நேரமானது.

"இன்னொரு வாட்டி பாக்கலாமா? வேணாம்னாலும் சரிதான்."

"போதும் டாக்டர்."

கையை எடுத்துவிட்டார். ஏனென்று கேட்கவில்லை. ஒரு வார்த்தைதான். அழுகை அழுகையாக வந்தது, வருத்தத்தில் இல்லை.

மாமி காரில், "நான்தான் அன்னைக்கே சொன்னேனே." சொல்லட்டும்.

நவ. 28, வெள்ளி

ஆஸ்பத்திரிக் கட்டில். விடிந்து மறுபடி மழை. பசி, ஒன்றும் சாப்பிடக் கூடாது.

மயக்க டாக்டரிடம் நேற்றே கேட்டுவிட்டேன். முதுகில் ஊசி, இடுப்புக்குக் கீழே மரத்துவிடும், தூங்க வேண்டியதில்லை. பிறந்ததும் என் நெஞ்சில் வைக்கச் சொன்னேன். நல்லா இருந்தா உடனே வைக்கிறோம் என்றார். மாமி வாசலில் துஆ ஓதுகிறார்.

ஸ்ட்ரெச்சர் வருகிறது. நீ உட்கார்ந்தே வா, தங்கம். நான் முழித்திருப்பேன்.