பால் இல்லாத தயிருக்கு என்ன பேர் வைக்கிறது, கன்னியம்மா?

பாசத்துக்கும் சண்டைக்கும் எனக்கென்று இருந்த கன்னியம்மாவுக்கு,

உன் மவ தேவிய என் மவனுக்குக் கட்டி வெச்சி நாம சம்பந்தியானோமே, அவங்க புள்ள யாழினிக்கு இப்போ மூணு வயசு. நீ பார்க்காமலே போய்ட்ட. நிறம் உன்னைப் போல, வாய் என்னைப் போல.

ஒண்ணு சொன்னா நம்பமாட்ட. அவளுக்குப் பால் ஆகாது. ஒரு வாய் தயிர் உள்ள போனாலும் முகம் வீங்கி மூச்சு இழுக்குது. ஒருமுறை ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் தூக்கிகினு ஓடினோம். அலர்ஜியாம். வளர வளர சரியாகலாம், ஆகாமலும் இருக்கலாம் என்கிறார் டாக்டரம்மா. இதில் எதை நம்பறது? தாய்ப்பால் குடிச்சி வளர்ந்த புள்ளைக்கு மாட்டுப்பால் ஏன் விஷமாகணும்? உனக்காவது புரியுதா?

அஞ்சாவது படிச்சவள்னு என்னைக் கிண்டல் பண்ணுவியே. இப்போ பிஸ்கட் பாக்கெட்டில் பால்னு இங்கிலீஷில் எங்கே போட்டிருந்தாலும் நான்தான் முதல்ல கண்டுபிடிக்கிறேன். கடைக்காரரே முழிக்கிறார்.

தேவிக்குத்தான் மனசு ஆறல. ஒரகடம் கம்பெனியில் நாளெல்லாம் லைன்ல நின்னுட்டு வந்தாலும் சரி, காய்ச்சலில் கிடந்தாலும் சரி, நீ கையால் மசிச்சி ஊட்டின தயிர்சோறுதான் அவ ஞாபகம். "அதைக்கூட என் புள்ளைக்கு ஊட்ட முடியலியே அத்தை"ன்னா. எனக்குச் சுருக்குனு இருந்துச்சி.

தேங்காய் தரலாம்னு டாக்டரம்மா சொல்லியிருந்தாங்க. கெட்டியாத் தேங்காய்ப்பால் எடுத்து, வெதுவெதுன்னு சுட வெச்சி, புதுக் கிண்ணத்தில் உறை ஊத்தினேன். மறுநாள் வெள்ளை வெளேர்னு தோய்ஞ்சிருந்தது. எனக்குத் தலை கால் புரியல. குழைஞ்ச சோத்தில் மசிச்சி ஊட்ட உட்கார்ந்தேன். அந்த நேரம் உன் மவ ஷிஃப்ட் முடிச்சி, கழுத்தில் கம்பெனி அட்டையோட உள்ளே வந்தா.

"இன்னா அத்தை அது?"

"தயிர்சோறு. பாலே இல்லாத தயிர். நானே பண்ணேன்."

"உறை எதுல ஊத்துனீங்க?"

"வேற எதுல? நம்ம வூட்டு மோருதான். ஒரே ஸ்பூன்."

தேவி தட்டிவிட்டதில் என் கையிலிருந்த சோறு தெறிச்சி விழுந்தது. "அந்த ஒரு ஸ்பூனே பால்தானே அத்தை!"

எனக்குக் கோவம் வந்துச்சி. உறை ஊத்தாம தயிரா? ஒரு கிண்ணத்துக்கு ஒரு ஸ்பூன் என்ன பண்ணிடும்? புள்ள வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துகினு இருந்தா. அப்புறம்தான் எழுந்து போய் அந்தக் கிண்ணத்தைக் கொட்டிக் கழுவினேன்.

உறைமோரே இல்லாம எப்படித் தோயும்னு யோசிச்சப்போ நீதான் ஞாபகத்துக்கு வந்த. வெள்ளிக்கிழமை விளக்கு வெச்சப்புறம் உறைமோர் கேட்டா தரவே மாட்ட. "என் வூட்டு லட்சுமிய உன் வூட்டுக்கு அனுப்பணுமா? மொளகா காம்பைக் கிள்ளிப் போடு, தோயும் போடி"ன்னு வாசலிலேயே விரட்டுவ. அதையே செஞ்சேன்.

கொஞ்சம் தண்ணியாத்தான் தோய்ஞ்சது. தேவி முதல்ல வாயில் வெச்சா. "எங்கம்மா தயிர் இல்ல இது"ன்னு சிரிச்சா. கண்ணு மட்டும் கலங்கியிருந்தது. யாழினி கிண்ணத்தை வழிச்சித் தின்னா. பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தோம். முகம் வீங்கல, மூச்சு இழுக்கல. "ஆயா, இன்னும் தயிர்சோறு"ன்னா.

அங்கதான் சிக்கல். நாளைக்குக் கோயிலில் யாராவது தொன்னையில் தயிர்சோறு நீட்டினா, நம்மளுதுதான்னு வாங்கித் தின்னுடுவாளே? வேற பேர் வைக்கலாம்னா தேவி மூஞ்சைத் தூக்கி வெச்சிக்கிறா. "எங்கம்மா ஊட்டினது தயிர்சோறு. என் புள்ள தின்றதும் தயிர்சோறுதான்." அதுவும் நியாயமாத்தான் இருக்கு. நான் பயப்படறதும் நியாயம்தானே?

நேத்து ஊட்டும்போது "இது கன்னிம்மா சோறு"ன்னு சொல்லிட்டேன். அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டா வெளியே யாரும் எதையும் தர முடியாது பாரு. "எங்கம்மா இருந்தா உங்களை அடிக்க வந்திருப்பாங்க"ன்னு தேவி சிரிச்சா. வேணாம்னு சொல்லல. ஆனா ஒரு சொட்டுப் பால் படாத சோத்துக்கு, தயிர் இல்லாம சாப்பாட்டை விட்டு எழுந்திருக்காத உன் பேரை வெச்சது சரியா தப்பா, எனக்கே தெரியல. திட்டணும்னா திட்டு.

ஒண்ணு மட்டும் உனக்குச் சொல்றேன். "எனக்குப் பால் ஆகாது"ன்னு யாழினி தன் வாயால சொல்லப் பழகுற வரைக்கும், கோயிலோ கல்யாணமோ, அவளை என் இடுப்பை விட்டு இறக்கமாட்டேன்.

கூட்டாளியாக வந்து சம்பந்தியாக நிற்கும்,
சரோஜா,
பிள்ளைப்பாக்கம்.