பாதி தெரிந்த பிரார்த்தனை

பெரியவனின் அம்மாவுக்கு,

இங்கே நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? தைலத்தை அலமாரியில் பூட்டி வைக்காமல் தேய்த்துக்கொள்.

செவ்வாய்க்கிழமை ஒரு லிஃப்டைப் பழுது பார்க்கப் போய், அதற்குள்ளேயே ஒன்றரை மணி நேரம் மாட்டிக்கொண்டேன். கூட நம் மொழி பேசுகிற பெயின்டர் ஒருவர். பயப்படாதே, ஒரு கீறலும் இல்லை. லிஃப்ட் திடீரென்று ஒரு முழம் கீழே இறங்கி நின்றது. அப்போதுதான் அந்த அவமானம் நடந்தது. என் வாய் தானாக உன் பிரார்த்தனையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டது.

நாற்பது வருடம் உன்னோடும் உன் அப்பாவோடும் இதற்காக மல்லுக்கு நின்றவன் நான். புத்தகம் புத்தகமாகப் படித்து, கடவுள் இல்லை என்று முடிவு கட்டியவன். ஊரில் இருந்தபோது தினமும் காலையில் நீ அடுப்படியில் சொன்னது காதில் விழுந்து விழுந்தே ஒட்டிக்கொண்டிருக்கிறது. குற்றம் உன்னுடையது.

பெயின்டர் கேட்டார்: "பெரியவரே, சாமி கும்பிடுறப்ப நடுவுல எதுக்கு 'பால் பொங்குது, அடுப்ப அணைங்க'ன்னீங்க?"

"அதுவும் அதுலதான்யா இருக்கு!"

அவர் சிரித்த சிரிப்பில் இரண்டு பேருக்கும் பயம் விட்டுப்போனது.

ஒரு சிக்கல். அங்கே நான் வேலைக்குக் கிளம்பும்வரை நீ சொல்லும் ஏழு வரிதான் எனக்குத் தெரியும். கதவு திறக்கும்வரை அதையே சுற்றிச் சுற்றிச் சொன்னேன். நான் மாறிவிட்டேன் என்று உன் தம்பியிடம் பீற்றிக்கொள்ளாதே. பாதியில் நிற்கிற எதுவும் எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். மிச்சத்தை எழுதி அனுப்பு. போனில் வேண்டாம், உன் கையெழுத்தில் வேண்டும். நடுநடுவே என்னைத் திட்டுவதையும் விடாமல் எழுது. அது இல்லாமல் எனக்கு வராது.

வேலைக்கு வேன் வந்துவிட்டது.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்