அவ சொல்ல வேண்டிய பாதி

மாமாவுக்கு,

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு நீங்க ஏலத்தோட்டத்துக்குப் போன மறுவாரமே சயின்ஸ் டீச்சர் வந்துட்டாக. தேனியில அறிவியல் கண்காட்சியாம். நம்ம பிள்ளையும் அவகூடப் படிச்ச கயலும் செஞ்ச மாடலைக் கேட்டாக. ஆத்துல தண்ணி ஏறுனா மணி அடிக்குமே, அதுதான். அதுக்கு ஆத்து மணலே போட்டா நல்லாருக்கும்னு நான்தான் சொல்லி அவளை ஆத்துக்கு அனுப்பிச்சேன். அத விடுங்க.

கயல் கூட நானும் போனேன். நடுவர்க வந்து நின்னதும் கயல் அவ பாதியைச் சொன்னா. சொல்லி முடிச்சுட்டு, பழக்கத்துல பக்கத்துல திரும்பிப் பாத்தா. அங்கன நான்தான் நின்னேன்.

அதுக்கு முந்தி ஒரு மாசமா நம்ம பிள்ளை, நான் மாவாட்டையில எதுக்க நின்னு அவ பாதியை ஒப்பிச்சவதானே? என் வாய் தானாச் சொல்லிருச்சு.

"தண்ணி ரெண்டு கம்பியையும் தொட்டதும் மணி அடிக்கும். ஆத்துக்குள்ள நிக்கிறவுக கரையேறிக்கிறலாம்."

அவ மூச்சு வாங்குற எடத்துல எனக்கும் மூச்சு வாங்குச்சு.

மாடல் செஞ்ச ரெண்டாவது பிள்ளை பேரென்னன்னு நடுவர்க கேட்டாக. நம்ம பிள்ளை பேரைச் சொன்னேன்.

கலந்துக்கிட்டதா அவ பேருக்குச் சான்றிதழ் குடுத்திருக்காக. காரியத்தப்ப நீங்க பஞ்சாயத்துல வாங்கியாந்த சான்றிதழுக்குப் பக்கத்துலயே வச்சிருக்கேன். இதுலதான் மாமா தேதி பிந்தி இருக்கு.

இப்படிக்கு,
பிள்ளையோட ஆத்தா